அங்குலக் கணக்கு

கழக்கூட்டத்தில் தேசிய நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு பட்டறையை வைத்துக்கொண்டு, சஃபாரி, ஸ்கார்ப்பியோ, ஜிப்சி முதலிய பழைய வாகனங்களின் அடிப்பாகத்து வேலைகளிலேயே பெரும்பாலும் காலம் கழித்துவரும் எனக்கு, சில வருஷங்களாக ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கேள்வி, "வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்பதுதான். கேட்கிறவர்களில் பலர் டெக்னோபார்க்கில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள். பதினைந்து வயதை எட்டிய வண்டி ஒன்றை ஆசையோடு வாங்கி, அதிலேயே தினமும் அலுவலகம் போய், அதிலேயே குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை விதுரை வழியாகப் பொன்முடியின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு வருகிறவர்கள். அந்த ஆசையை நான் ஒருநாளும் இலேசாக எண்ணியதில்லை. நல்ல யந்திரம் ஒன்றை இரும்புக் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்றுவது அந்த ஆசைதான். ஆனால், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற நாட்களுக்கான வண்டியின் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பது, மார்த்தாண்டத்து லாரிப் பட்டறை ஒன்றில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்த நாள் தொட்டு இன்றுவரை என்னுள் உறுதிப்பட்டு வந்திருக்கும் அபிப்பிராயம்.

இந்த ஊரின் லட்சணத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கே சிறிது தூரத்தில் கடல். 1963-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவின் முதல் ராக்கெட் புறப்பட்ட தும்பா, இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்று வருஷம் முழுவதும் சேசிஸைத் தின்றுகொண்டிருக்கும். மழையோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் கொட்டும். 2023 அக்டோபர் நடுவில் தெற்றியாறு கரைபுரண்டு டெக்னோபார்க்கின் சுற்றுப்புறமெல்லாம் வெள்ளக்காடாகிய பிறகு, "தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வண்டியை உயர்த்திக் கொடுங்கள்" என்று என்னிடம் வந்தவர்கள் கணிசமான பேர்.

அவர்களுக்கு நான் முதலில் எடுத்துச் சொல்வது, பின் ஆக்சில் ஒரே திடமான உருப்படியாக இருக்கும் வண்டிகளில் ஸ்பிரிங்கை மாற்றினால் உயர்வது பாடியும் சேசிஸும் மட்டுமே என்பதைத்தான். ஆக்சிலும் அதன் நடுவிலே தொங்கும் டிஃபரன்ஷியல் குடமும் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றைத் தரையிலிருந்து மேலே தூக்க வல்லது டயர் ஒன்றே, அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி அளவுதான். வெள்ளத்தில் இறங்கும் வண்டிக்குக் கேடு வருகிற வழியும் வேறு. ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள சிறு பிரீதர் துவாரத்தின் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில நாள் கழித்து ஆயிலை இறக்கிப் பார்த்தால் அது பால் கலந்த தேநீரின் நிறத்தில் வரும். அந்த பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சேசிஸுக்கு மேலே கொண்டுபோய் முடிப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது. வெள்ளத்துக்கு அது செய்யும் உபகாரத்தை இரண்டு அங்குல உயரம் செய்யாது. காற்றை இழுக்கும் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு மேல் நீர் ஏறினால், எத்தனை உயரமான வண்டியானாலும் எஞ்சின் நிற்கத்தான் செய்யும்.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஓர் இளைஞர், டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர், 2.2 லிட்டர் டைகோர் எஞ்சின் பூட்டிய ஒரு சஃபாரி ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நடந்த வேலையை இங்கே சற்று விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன். ஏனெனில், லிஃப்ட் எனப்படும் இந்த உயர்த்தலைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள விவகாரங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வண்டியில் வந்து சேர்ந்தன.

"அண்ணாச்சி, நாலு இஞ்ச் கிட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். போட்டிரலாமா?" என்றார்.

"போடலாம் தம்பி. மொதல்ல ஒண்ணு சொல்லும்: வண்டியில நித்தம் ஆரெல்லாம் ஏறுவாவ?"

"நானும் பிள்ளையும். சனிக்கிழமை ஊருக்குப் போவும்போ வீட்டுக்காரியும் உண்டு. அம்மைக்கு முட்டுவலி, மாசம் ஒருதடவ மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"அப்போ அம்மை ஏறி எறங்குத ஒயரத்தயும் கணக்குல வச்சுக்கிடணும் இல்லியா?"

அவர் சற்று யோசித்துவிட்டு, "அத நான் நெனைக்கலியே அண்ணாச்சி" என்றார்.

இந்தக் கேள்வியை நான் உபசாரத்துக்காகக் கேட்பதில்லை. ஸ்பிரிங் என்பது ஒரு குறிப்பிட்ட பாரத்துக்காகச் செய்யப்படும் வஸ்து. தினசரி அதன்மேல் வந்து உட்காரும் பாரம் இன்னதென்று தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்க எந்த உபாயமும் கிடையாது. ஆகவே வண்டியை எடைமேடைக்கு அனுப்பி, டீசல் டாங்கியை நிரப்பி, அவர் வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு, முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறையும் நிறுக்கச் சொன்னேன். கிட் விற்பவர்களின் பட்டியலில் ஒரே வண்டிக்கு இலேசானது, நடுத்தரமானது, கனமானது என்று மூன்று ஸ்பிரிங்குகள் இருக்கும். இரும்பு பம்பர், கூரைமேல் கூடாரம், பின்னால் தண்ணீர்த் தொட்டி என்று நிரந்தரமாகச் சுமந்து திரியும் ஆஸ்திரேலியப் பிரயாண வண்டிகளுக்காக ஏற்பட்டது அந்தக் கனமான ஸ்பிரிங். பின் ஆசனத்தில் ஒரு குழந்தையும் ஒரு புத்தகப் பையும் மட்டுமே ஏறும் வண்டிக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

வண்டியின் பாரம் ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி நிற்கிறதோ அதைக்கொண்டே வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று நிர்ணயிக்கலாம். சக்கரத்தின் இடத்தில் அளந்தால் சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் நொடிக்கு ஒரு முறை ஆடும். 11 சென்டிமீட்டர் அமுங்குவது ஒன்றரை முறை. 6 சென்டிமீட்டரே அமுங்கும் விறைப்பான ஸ்பிரிங் இரண்டு முறை. மனித உடம்புக்குச் சௌகரியமாக இருப்பது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட ஆட்டம். இரண்டை எட்டிவிட்டால் வெற்று லாரியில் உட்கார்ந்து போவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. 1930-இல் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்து சேர்ந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பாரங்களை இடம் மாற்றி மாற்றி வைக்கக்கூடிய ஒரு காரைக் கொண்டு பரீட்சை செய்து, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிடச் சற்று மெதுவாக ஆடினால்தான் மேடு தாண்டியபின் வண்டி குதிக்காமல் சமமாக அமரும் என்று கண்டார். முன்பக்கத்தை ஒரு கம்பெனியின் சாமானாலும் பின்பக்கத்தை வேறொன்றாலும் தம் மனம்போல் உயர்த்துகிறவர்கள், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவுபட்ட இந்தத் தத்துவத்தை அறியாமலே குலைத்துவிடுகிறார்கள்.

காயில் ஸ்பிரிங்கில் கம்பியின் தடிமனை மட்டும் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதும் ஆபத்து. விறைப்பு, தடிமனின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுவதால், மற்ற அளவுகள் மாறாமல் 14 மில்லிமீட்டர் கம்பி 15 மில்லிமீட்டர் ஆனாலே ஏறக்குறைய 32 சதவீதம் விறைப்பு கூடிவிடும். கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை அளக்கத் தொடங்கினேன். தரையிலிருந்து அளப்பது பிரயோஜனமற்றது. டயரின் காற்றும் தேய்மானமும் அதில் கலந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து செங்குத்தாக மட்கார்டின் விளிம்புவரை அளந்து, நான்கு மூலைகளின் எண்களையும் சாக்பீஸால் அந்தந்தக் கதவின் மேலேயே எழுதிவைப்பது என் வழக்கம். அந்த வண்டியில் பின்பக்கம் நன்றாகத் தணிந்திருந்தது. டிரைவர் இருக்கும் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தணிந்திருந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஐந்து கைகளின் புஷ்களில் ரப்பர் வெடித்து, உள்ளிருக்கும் இரும்புக் குழல் ஒருபக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. கீழ்க் கைகளின் போல்ட்டுகளோ, உப்புக் காற்றில் துருவேறிக் குழலோடு ஒன்றாகிப் போயிருந்தன. காஸ் வைத்து அறுத்தல்லாமல் அவற்றை வெளியே எடுக்க முடியவில்லை.

இங்கேதான் அவரிடம் நான் அழுத்தமாகச் சொன்னேன்: கம்பெனி கொடுத்த உயரத்தையே இந்த வண்டி இழந்து நிற்கிறது, இழந்ததை முதலில் மீட்போம், கூட்டுவதைப் பிறகு யோசிப்போம். அவர் சம்மதித்தார். புதிய புஷ்களும், கம்பெனி அளவிலேயே புதிய பின் ஸ்பிரிங்குகளும் பூட்டி இறக்கியபோது பின்பக்கம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஏறி நின்றது. லிஃப்ட் என்ற சொல்லே இன்னும் வராத நிலையில், அவர் விரும்பிய உயரத்தில் ஒரு நல்ல பங்கு அங்கே வந்துவிட்டது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

முன்பக்கத்தின் விஷயம் வேறு. சஃபாரியின் முன் சக்கரங்கள் தனித்தனியே இயங்குபவை; அவற்றுக்குக் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சேசிஸின் நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் என்ற உருக்குத் தண்டு உண்டு; ஈரத் துணியைப் பிழிவதுபோல் அது முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். அதன் பின்முனையில் உள்ள ஒரு போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் தானாக உயரும். ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிஷமும் போதுமாதலால், "செலவில்லாத லிஃப்ட்" என்று பல இடங்களில் இதைச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். போல்ட்டைத் திருகினால் தண்டு விறைப்பாகிவிடுகிறது என்று நம்புகிறவர்களும் உண்டு. தாங்கும் பாரம் மாறாதபோது தண்டின் முறுக்கும் மாறுவதில்லை. அது பிடித்திருக்கும் கோணம்தான் நகர்கிறது. பின் ஏன் வண்டி அடிக்கிறது என்றால், சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடம் போய்விடுவதனால்.

இதை அவருக்குக் கண்ணாலேயே காட்டினேன். சேசிஸின் அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்படி உயர்த்தி, மேல் கையானது தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். நிற்கும் நிலைக்கும் தொங்கும் நிலைக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், போல்ட்டைத் திருகி 50 மில்லிமீட்டர் உயர்த்திய பிறகு மிஞ்சுவது வெறும் 30. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் கீழே இறங்க இடமின்றி, அந்தத் தடுப்பில் இரும்பு இடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்டுகளும் அதே அளவுக்குச் செங்குத்தாகி, ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸ் வெளியே சிந்தும். டை ராடின் சாய்வு மாறுவதால், மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். டயரோ ஒரு விளிம்பில் தேயும். ஆகையால் இவ்வகை வண்டியின் முன்பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்ற நான் உடன்படுவதில்லை. அதையும் அலைன்மென்ட் மேடையில் எண்கள் சரியாக வந்தால்தான் இருக்க விடுவேன். தண்டுகளைக் கழற்றிப் பூட்டும்போது இடம் வலம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். ஒவ்வொன்றும் தன் பக்கத்து முறுக்குக்கென்றே பழக்கப்பட்ட உருக்கு.

உயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருவரும் கேட்காத ஒரு சிறு உறுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இறங்கி ஆக்சிலைப் பற்றியிருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தணிந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தமும், வெற்று வண்டியாக உயர்ந்து நின்றால் குறைந்த அழுத்தமும் கொடுப்பது அதன் தொழில். பின்பக்கத்தை நாம் நிரந்தரமாக உயர்த்திவிட்டால், குடும்பமும் சாமானும் ஏறியிருக்கும்போதுகூட வண்டி வெறுமையாக இருப்பதாகவே அது எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நிறுத்தும் பாரமெல்லாம் முன் சக்கரங்களின்மேல் விழும். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. சாதாரண ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவசரமாக மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியும். எத்தனை உயர்த்தினோமோ அத்தனைக்கு அந்தக் கம்பியின் பிடிப்பையும் நகர்த்தி, கேஜ் வைத்துப் பார்த்த பிறகே வண்டியை வெளியே விட வேண்டும். பிரேக் ஹோஸையும் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் இழுத்துப் பார்க்க வேண்டும்.

நாலு அங்குலத்தைப் பற்றிய அவருடைய கேள்விக்கும் நேராகவே பதில் சொன்னேன். இரண்டு சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலமும், பாரத்தின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அந்த மையத்தை 10 சென்டிமீட்டர் ஏற்றினால், வளைவில் கவிழாமல் தாங்கும் சக்தியில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. காட்டுப் பாதையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, அடுத்த நொடியில் மறுபடி திருப்ப வேண்டிய சாலையில், பின் ஆசனத்தில் குடும்பத்தை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது பெரிய விஷயம். நம் ஜிப்சியின் உறவுக்கார வண்டியான சுசூகி சாமுராய் எளிதில் கவிழக்கூடியதென்று 1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை எழுதியதும், அதை எதிர்த்து சுசூகி கம்பெனி தொடுத்த வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்ததும் வாகன உலகம் அறிந்தவை. அந்தப் பரீட்சையின் நியாய அநியாயம் எப்படியிருப்பினும், குறுகலான உயர்ந்த வண்டியை மேலும் உயர்த்த எண்ணுகிறவர் ஒரு கணம் நின்று யோசிப்பது நல்லது.

ஜிப்சிக்காரர்கள் என்னிடம் வருவதும் உண்டு. அந்த வண்டியில் நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங்; கம்பெனியிலிருந்து வரும்போது பிளேட் கட்டு ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை எடுத்து ஆக்சிலுக்கு மேலே வைத்து யூ-போல்ட் பூட்டினால் ஒரே மூச்சில் ஐந்து அங்குலம் ஏறிவிடும். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய வண்டிக்கு அது பொருந்தலாம். அலுவலகம் போகும் வண்டிக்கு நான் செய்து தருவதில்லை. பிளேட் கட்டின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்கி உயர்த்துவதும் அப்படியே. ஒரு முனை மட்டும் உயர்வதால் ஆக்சிலே திரும்பிக்கொண்டு, காஸ்டர் என்னும் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு மாறி, ஸ்டீயரிங்கின் குணம் கெட்டுவிடுகிறது. சோர்ந்த பிளேட்டுகளை மாற்றி, புஷ் போட்டு, நல்ல ஷாக் அப்சார்பர் வைத்தாலே ஜிப்சி போதுமான உயரம் உடையது.

சட்டத்தின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒட்டி, கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கேரளத்தில் மோட்டார் வாகன இலாகா இதில் கண்டிப்பானது. பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் வண்டியை அதிகாரிகள் நேரில் பார்த்துச் சோதிப்பார்கள். ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வரச் சொல்வது என் வழக்கம். தேய்ந்ததை மாற்றிப் பழைய உயரத்தை மீட்பதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை என்பது, நான் முன்பே சொன்ன யோசனைக்கு இன்னொரு பலம்.

கடைசியில் அந்தச் சஃபாரிக்கு ஏற்பட்ட தீர்மானம் இது: பின்னால் கம்பெனி அளவு ஸ்பிரிங்குகளின்மேல் 20 மில்லிமீட்டர் ஸ்பேசர், முன்னால் டார்ஷன் பாரில் முக்கால் அங்குலம், நான்கு பக்கமும் அந்த நீளத்துக்கேற்ற புதிய ஷாக் அப்சார்பர்கள். ஸ்பேசரானது விறைப்பைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் கூட்டும். குழந்தையும் தாயாரும் ஏறும் வண்டிக்கு அதுவே உசிதமென்று பட்டது. அம்மா ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு ஃபுட் போர்டும் பொருத்தினோம். டயர் விஷயத்தில் அவர் 245/75 ஆர் 16 வேண்டுமென்றார். கம்பெனியின் 235/70-ஐவிட அதன் விட்டம் 38 மில்லிமீட்டர் அதிகம். கிடைக்கும் தரை இடைவெளி 19 மில்லிமீட்டர். அதற்கு விலையாக, ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-இல் ஓடும், டீசலும் கூடச் செலவாகும், பிரேக்குக்கும் வேலை அதிகம். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பழைய அளவே போதுமென்று அவரே சொல்லிவிட்டார்.

வேலை முடியும் தறுவாயில் பல பட்டறைகளில் தவறிப்போகும் ஒரு காரியம் உண்டு. அதை மட்டும் பையன்களிடம் விடாமல் நானே செய்வேன். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் நின்று சில மாதங்களுக்குள் கிழிந்துவிடும். போல்ட்டுகளை விரலிறுக்கத்தில் விட்டு, வண்டியைச் சக்கரங்களின்மேல் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பாரத்தோடு தன் புதிய உயரத்தில் அது அமர்ந்த பிறகு, அடியில் படுத்து ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அன்றும் அப்படியே செய்து, நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து கதவில் இருந்த பழைய எண்ணுக்குக் கீழே எழுதினேன். முன்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருகிறவர் கண்ணில் விழும் என்பதால், சுவரில் கோடு போட்டு அதையும் தணித்தேன். பிரீதர் குழாயை டீசல் நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில் மேலே கொண்டுபோய் இரண்டு கிளிப்புகளால் கட்டிவிட்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பிரிங்குகள் அமர்ந்த உயரத்தை அளக்கவும், கைகளின் போல்ட்டுகளை ஒருமுறை பார்க்கவும், அலைன்மென்டை மறுபடி வைக்கவும் வரவேண்டுமென்று சொல்லி அனுப்பினேன். அவர் வந்தார், பின்பக்கம் ஆறு மில்லிமீட்டர் அமர்ந்திருந்தது, முன்பக்கம் அசையவில்லை, டோ எனப்படும் முன் சக்கரங்களின் நேர்த்திசை மட்டும் சிறிது திருத்த வேண்டியிருந்தது.